உரசும் இடம்

வேலை கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது, எத்தனை முடிச்சு தெரியும் என்பதுதான். கைப்பேசியில் பார்த்துவிட்டு வருகிறார்கள். சிலருக்கு என்னைவிடக் கூடுதலாகவே தெரிகிறது. எங்கள் கடையில் நாளெல்லாம் புழங்குவது போலைன், கிளோவ் ஹிட்ச், ஷீட் பெண்ட், ரோலிங் ஹிட்ச், அவ்வளவுதான். முடிச்சு விழுந்த கயிறு அந்த வளைவிலேயே பாதிப் பலத்தை இழந்துவிடும். போலைன் கொஞ்சம் பரவாயில்லை, மூன்றில் ஒரு பங்கோடு விட்டுவிடும். புரிகளைப் பிரித்து, கயிற்றுக்குள்ளேயே ஒழுங்காகச் சொருகி வளையமாகப் போட்ட கண்ணோ 90 சதவீதத்துக்கு மேல் தாங்கும். அதனால் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்திலிருந்து எங்களிடம் வருகிறவர்களுக்குக் கண் போட வேண்டும், அறுந்ததை இணைக்க வேண்டும், விசைப்படகு வயருக்குத் திம்பிள் என்ற இரும்பு வளையம் வைத்து முடிக்க வேண்டும். முடிச்சுப் போட அவர்களுக்கே தெரியும்.

இந்த வேலையை எனக்குக் கற்றுத்தந்தவர் என் அப்பா. அறுபதுகளின் தொடக்கத்தில் மீசை முளைக்காத வயதில் கடற்படையில் சேர்ந்து, விசாகப்பட்டினத்தில் பயிற்சி எடுத்து, பதினைந்து ஆண்டு சீமேன் பிரிவில் இருந்துவிட்டு பெட்டி ஆபீசராக ஊர் திரும்பியவர். போன வருஷம் தவறிப்போனார். துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் அவர் பார்த்த போரைப் பற்றி என்னிடம் கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் கயிற்றைப் பற்றிச் சொன்னவைதான். போரும் அதற்குள்ளேதான் வரும்.

அவருடைய அளவே வேறு. பழைய கடற்படைக் கணக்கில் கயிற்றின் பருமனைச் சுற்றளவில் சொல்வார்கள், அதுவும் இஞ்சில். கடைவீதியில் விற்பது குறுக்களவில், மில்லிமீட்டரில். அப்பா கடைசிவரை மாறவில்லை. "மூணு இஞ்சு எடுத்துட்டு வால" என்று அவர் சொன்னதைக் கேட்டு, புதிதாக வந்த பையன் ஒருவன் கிட்டங்கி முழுக்கத் தேடிவிட்டு, தொடை தண்டிக் கயிறு நம்மிடம் இல்லையே என்று திரும்பி வந்தான். ஒரு இஞ்சுச் சுற்றளவுக்கு 8 மில்லிமீட்டர் குறுக்களவு என்று வைத்துக்கொண்டால் போதும். மூன்று இஞ்சு என்றால் 24 மில்லிமீட்டர். இன்றைக்கும் கயிற்றைப் பார்த்தால் எனக்கு முதலில் மனதில் வருவது இஞ்சுதான்; பில் எழுதும்போது எட்டால் பெருக்கிக்கொள்கிறேன்.

புதுச் சுருளை எப்படித் திறப்பது என்பதிலிருந்தே பாடம் தொடங்கும். வெளி முனையைப் பிடித்து இழுத்தால் கயிறு முழுக்கச் சுருக்கு விழும். உள் முனையைத்தான் எடுக்க வேண்டும், கயிறு கடிகார முள்ளுக்கு எதிராக எழுந்து வர வேண்டும். அப்படி வராவிட்டால் சுருளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். சுற்றி வைக்கும்போது வலமாக. வலப்புரிக் கயிற்றுக்கு இதுதான் இயல்பு. நம் வசதிக்காக அது மாறாது. சுருக்கு விழுந்த இடத்தை இழுத்து நேராக்கிவிட்டால் சரியாகிவிட்டது போலத் தெரியும். உள்ளே புரி பிசகியிருக்கும். அந்த இடத்தில்தான் பின்னால் ஒரு நாள் அறும்.

அடுத்தது கண். புரிகளைப் பிரித்து, நடுப்புரியை முதலில் சொருகி, இடப்புரியை அடுத்த மடிப்பில் சொருகி, கண்ணைத் திருப்பிப் போட்டு மூன்றாவதைச் சொருக வேண்டும். கற்றுக்கொள்கிற எல்லோரும் இந்த மூன்றாவதில்தான் தடுமாறுவார்கள். மூன்று புரியும் மூன்று வெவ்வேறு இடைவெளியிலிருந்து ஒரே மட்டத்தில் வெளியே வர வேண்டும். ஒரே இடைவெளியில் இரண்டு வந்தால் பிரித்துவிட்டு மறுபடி செய்யவேண்டியதுதான். சொருகும்போது புரியின் முறுக்கு கலையாமல் விரலால் திருகிக்கொண்டே போக வேண்டும். கலைந்தால் புரி பட்டையாகி நாலா பக்கமும் பிதுங்கும். எல்லாம் முடிந்ததும் காலடியில் போட்டு உருட்டினால் புரிகள் தம் இடத்தில் படியும். அப்பா முடித்த கண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினால் கயிறு எங்கே முடிந்தது, சொருகல் எங்கே தொடங்கியது என்று தெரியாது. சொருகலின் கடைசியில் ஒவ்வொரு புரியிலும் பாதி நாரை வெட்டிவிட்டு ஒரு சொருகு, மிச்சத்தில் பாதியை வெட்டிவிட்டு இன்னொரு சொருகு என்று வால் போல மெலிய விடுவார். பார்வைக்காக அல்ல. தடித்த இடமும் மெலிந்த இடமும் திடீரென்று சந்தித்தால் கயிறு அங்கே மடங்கும், மடங்குகிற இடம் தேயும்.

அவருக்கும் ஒரு தவறு நேர்ந்தது, அதை அவரே எல்லோரிடமும் சொல்வார். கப்பலில் அவர் கை பழகியது மணிலாவில். மணிலா நாருக்குச் சொரசொரப்பு உண்டு, மூன்று சொருகு போட்டால் கடித்துக்கொண்டு நிற்கும். ஊருக்கு வந்தபின் கைக்கு வந்ததெல்லாம் நைலான், பாலிபுரொப்பிலீன். பழைய பழக்கத்தில் ஒரு வள்ளத்தின் நங்கூரக் கயிற்றுக்கு மூன்றே சொருகில் கண் போட்டுக் கொடுத்திருக்கிறார். வழுவழுப்பான நார்; அலையில் இழுபட்டு இழுபட்டு, புரி மெல்ல மெல்லப் பின்வாங்கி, ஒரு நாள் கண் தானாகவே அவிழ்ந்துபோனது. நங்கூரம் கடலோடு போயிற்று. வள்ளக்காரர் சண்டைக்கு வரவில்லை, கயிற்று முனையை மட்டும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அப்பா புது நங்கூரம் வாங்கிக் கொடுத்தார். அதிலிருந்து செயற்கைக் கயிறு என்றால் ஐந்து சொருகு, அப்புறம்தான் மெலிப்பது. "அஞ்சுக்குக் குறைஞ்சா அது கண்ணில்ல, கண்துடைப்பு" என்பார்.

உள்ளூர்த் தோணிக்காரர்களிடமும் அவர் நிறையக் கேட்டுக்கொண்டார். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வந்த பழைய தண்டல்கள் சிலர் அப்போது இருந்தார்கள். ஆலாத்து, ஆஞ்சான், அணியம் என்று அவர்கள் பேசுவார்கள்; அப்பா ஹாசர், ஹேலியர்ட் என்பார். நாலு டீ முடிவதற்குள் இரண்டு தரப்பும் ஒரே சாமானைத்தான் சொல்கிறோம் என்று தெரிந்துகொண்டு சிரிப்பார்கள். சீருடை போட்டவன் சொன்னதுதான் சரி என்ற எண்ணம் அவருக்கு இருந்ததில்லை. தேங்காய் நார்க் கயிறு பலத்தில் குறைவு, ஆனால் மிதக்கும். அதனால் அதற்கென்று சில இடம் உண்டு என்பதைக் கடற்படையிலும் கற்றிருந்தார், தோணிக்காரர் சொல்லியும் மறுபடி கற்றுக்கொண்டார்.

இனி பாகிஸ்தானோடு நடந்த அந்தப் போர். 1971-ன் தொடக்க மாதங்களில் ரஷ்யாவிலிருந்து ஏவுகணைப் படகுகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றும் 180 டன் அளவு. அந்தக் கனத்தைத் தூக்கும் கிரேன் பம்பாயில் இல்லாததால் கல்கத்தாவில் இறக்கி, அங்கிருந்து கடல்வழியே பம்பாய்க்கு இழுத்துப் போனார்கள். இந்தியாவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு, சேதுப் பக்கம் ஆழமில்லாததால் இலங்கையையும் சுற்றிக்கொண்டு. இழுத்துப் போன கப்பல் ஒன்றில் அப்பா இருந்தார். அந்த வருஷம் டிசம்பர் 4-ம் தேதி இரவு நிபாத், நிர்காட், வீர் என்ற மூன்று படகுகள் கராச்சிக்கு வெளியே போய் அடித்துவிட்டு வந்ததை எல்லோரும் சொல்வார்கள். அந்த நாள்தான் கடற்படை நாள். தொலைக்காட்சியில் அதைக் காட்டும்போதெல்லாம் அப்பா ஒன்றைத்தான் சொல்வார்: "அத இழுத்துட்டு வந்த கயித்தக் காட்டுறானா பாரு."

இழுவை என்பது சும்மா கட்டி இழுப்பது அல்ல. கயிறு விறைப்பாக இருந்தால் ஓர் அலையில் வெடித்துவிடும். அது நடுவில் தொய்ந்து தண்ணீருக்குள் இறங்கியிருக்க வேண்டும், அந்தத் தொய்வுதான் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். தொய்வு போதாவிட்டால் சங்கிலியைச் சேர்த்துக் கனம் கூட்டுவார்கள். முன் கப்பல் அலைமேல் ஏறும்போது பின்னால் வரும் படகும் ஏற வேண்டும், இறங்கும்போது இறங்க வேண்டும். அதற்கேற்ப நீளத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இதையெல்லாம்விட முக்கியம், கயிறு கப்பலைவிட்டு வெளியேறும் வாய். இரவு பகலாக அதே ஒரு சாண் கயிறுதான் அந்த இரும்பில் உரசும். அங்கே தோலும் கித்தானும் சுற்றி, கிரீஸ் தடவி, முறை போட்டு ஓர் ஆள் காவல் இருப்பான். எத்தனை சுற்றினாலும் போதாது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கயிற்றைச் சிறிது வெளியே விட்டு, உரசும் இடத்தை மாற்ற வேண்டும். தேய்ந்தபிறகு மாற்றிப் பயனில்லை. தேயாமல், நன்றாக இருக்கும்போதே மாற்ற வேண்டும். அந்தப் பயணத்தில் அப்பாவுக்குக் கிடைத்தது இந்தக் காவல்தான். அவர் தொழில் முழுவதும் அங்கேதான் தொடங்கியது என்று நான் நினைக்கிறேன். எந்தக் கயிற்றைக் கொடுத்தாலும் நடுவைப் பார்க்க மாட்டார். எதில் கட்டப்போகிறீர்கள், அது எதைத் தொடும், எந்தப் பக்கம் ஆடும் என்று கேட்டுக்கொண்டிருப்பார். "ஏட்டி, கயித்தப் பாக்காத. அது எங்க உரசும்னு பாரு."

டிசம்பர் 4 அவருக்குப் பண்டிகை. டிசம்பர் 9 அன்று சாப்பிட மாட்டார். அதே போரில் குக்ரி என்ற நம் போர்க்கப்பல் மூழ்கிய நாள். 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள், அவரோடு பயிற்சி எடுத்த ஒருவரும் அதில் உண்டு. அதைப் பற்றி ஒரு சொல்லும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. எங்கள் அம்மா அன்றைக்கு உலை வைக்கும்போது ஓர் ஆள் குறைத்தே வைப்பார்.

நான் பிறந்தபோது அவர் கடலில். எனக்கு விவரம் தெரிந்து அவர் நிரந்தரமாக வீட்டுக்கு வந்த அன்று, யாரோ வந்திருக்கிறார் என்று அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டேனாம். அம்மா வெளியூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர், விடியற்காலை முதல் பஸ்ஸுக்குப் போய்விடுவார். ஆகவே என் தலை அப்பாவின் கைக்கு வந்தது. மூன்று புரிப் பின்னல் அவருக்குச் சலித்துப்போனதோ என்னவோ, கொஞ்ச நாளில் நாலு புரி, அப்புறம் தட்டைப் பின்னல் என்று கப்பலில் பாய் விரிப்புக்குப் பின்னுவதையெல்லாம் என் தலையில் பின்னிப் பார்த்தார். முனையில் ரிப்பன் கட்டுவதற்கு முன் மெழுகு நூலால் ஒரு விப்பிங், கயிற்று முனை பிரியாமல் இறுக்கிச் சுற்றுவார்களே, அது. சாயங்காலம் வரை ஒரு முடி வெளியே வராது. பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பார்கள். தலை இறுகி வலிக்கும், ஆனாலும் அந்தப் பின்னலோடு போவதில் எனக்குக் கர்வம்தான். விப்பிங் போடுவதை நான் கற்றது என் சடை முனையில். கயிற்றின் குறுக்களவு எவ்வளவோ அவ்வளவு நீளமாவது நூல் சுற்று இருக்க வேண்டும் என்ற கணக்கும் அங்கேயே.

மூன்று பிள்ளைகளின் படிப்புக்குப் பென்ஷன் எந்த மூலைக்கு? இரவில் ஒரு வங்கிக்குக் காவல் போனார், பகலில் கயிறு. எப்போது தூங்கினார் என்று இன்றைக்கு யோசித்துப் பார்க்கிறேன். கப்பலில் நாலு மணி நேரக் காவல் முறைக்குப் பழகிய உடம்பு, உட்கார்ந்த இடத்தில் கால் மணி நேரம் தூங்கி எழுந்துவிடும். என் தம்பிகள் இருவரும் படித்து வெளியூர் போனார்கள். நான் கடையிலேயே இருந்துவிட்டேன். பொம்பளப் பிள்ளைக்கு ஏன் இந்த வேலை என்று துறைமுகத்தில் கேட்டவர்கள் உண்டு. அப்பா பதில் சொல்ல மாட்டார். நான் போட்ட கண்ணை அவர்கள் கையில் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொல்வார்.

என் மகன் பிறந்து சேலைத் தொட்டில் கட்டியபோது அப்பா செய்ததை எங்கள் தெருவில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். விட்டத்துக் கொக்கியில் சேலை படுகிற இடத்தில் பழைய தோல் ஒன்றைச் சுற்றினார். அதோடு விடவில்லை. தினம் காலையில் பிள்ளையைத் தூக்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஸ்டூலில் ஏறி, சேலையை ஒரு சாண் நகர்த்திக் கட்டுவார். நேற்று கொக்கியில் உரசிய இடம் இன்று உரசக்கூடாது. இரண்டு பேத்திகளுக்கும் அப்படியே. தன் பிள்ளைகள் தொட்டிலில் கிடந்த வருஷங்களில் அவர் எந்தக் கடலில் எந்தக் கயிற்றை நகர்த்திக்கொண்டிருந்தாரோ, அந்தக் கணக்கையெல்லாம் பேரப்பிள்ளைகளிடம் தீர்த்தார் என்று அம்மா சொல்வார்.

கயிற்றைச் சோதிக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளியே பார்த்தால் போதாது. இரண்டு கையாலும் எதிர்த்திசையில் திருகிப் புரியைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டும். மணல் இருந்தால் அது ஒவ்வொரு இழுப்புக்கும் உள்ளிருந்தே நாரை அறுக்கும். மணிலாவை மோந்து பார்க்க வேண்டும், புளித்த வாடை அடித்தால் மக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். பாலிபுரொப்பிலீனை விரலால் தேய்த்தால் மாவு போல உதிர்கிறதா என்று பார்க்க வேண்டும், அது வெயில் தின்ற கயிறு. வயரில் வெறுங்கையை ஓட்டக்கூடாது, ஒரு துணியைச் சுற்றி ஓட்டினால் அறுந்த கம்பி முனைகள் துணியைப் பிடித்து இழுத்துக் காட்டிக்கொடுக்கும். இழுபட்டு நிற்கும் நைலானுக்கு நேர்க்கோட்டில் நிற்கவே கூடாது. நைலான் நீண்டு கொடுக்கும், அறுந்தால் அந்த நீட்சியெல்லாம் சாட்டையாகத் திரும்பி வரும். அப்பா இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார். எதையோ பார்த்திருக்கிறார்.

வயருக்கு கிளிப் போடுவதில் துறைமுகம் முழுக்க ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். கிளிப்பின் சேணம் பாரம் தாங்கும் நீள வயரின் மேல் உட்கார வேண்டும், யூ போல்ட் வால் பக்கத்தில். மாற்றிப் போட்டால் போல்ட், பாரம் தாங்கும் வயரை நசுக்கிவிடும். ஒன்று இப்படி ஒன்று அப்படி என்று மாற்றி மாற்றிப் போடுகிறவர்களும் உண்டு. பாரம் ஏறியபின் வயர் கொஞ்சம் மெலியும், அப்போது நட்டை மறுபடி முறுக்க வேண்டும் என்பதை யாரும் ஞாபகம் வைப்பதில்லை. அப்பா விஞ்சில் ஏறி ஒவ்வொரு படகாகத் திருத்துவார். அதற்குக் காசு வாங்க மாட்டார். எனக்கு இதில் அவரோடு வழக்கு உண்டு, நான் வாங்குகிறேன்.

கைக்குத் தெரிந்தால் போதாது, இருட்டில் தெரிய வேண்டும் என்பது அவருடைய இன்னொரு பிடிவாதம். போர்க்காலத்தில் கப்பலில் ஒரு பொட்டு வெளிச்சமும் வெளியே தெரியக்கூடாது. மேல்தளத்தில் எல்லாம் தடவித் தடவித்தான். எங்களுக்கும் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக் கண் போடச் சொல்லித் தருவார். விளையாட்டு போலத்தான் இருந்தது. 2012-ல் தமிழ்நாடு முழுக்க மணிக்கணக்கில் கரண்ட் போனபோது பக்கத்து வெல்டிங் கடைகள் எல்லாம் மூடிக் கிடக்க, எங்கள் கடையில் மட்டும் வேலை நடந்தது.

கடைசி வருஷங்களில் அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. நான் முடித்ததைக் கையில் வாங்கித் தடவுவார். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுப்பார். இல்லையென்றால், "கழுத்து தளந்திருக்கு" என்ற இரண்டு சொல்தான். கண்ணின் கழுத்தில் முதல் சொருகு இறுகவில்லை என்று அர்த்தம். பிரித்தால் அப்படித்தான் இருக்கும்.

எங்கள் கோயில் கல்லறைத் தோட்டத்தில் பெட்டி இறக்குவதற்கு முன்பெல்லாம் கிடைத்த கயிற்றை எடுத்துவருவார்கள். பிளாஸ்டிக் கயிறு கையை வழுக்கிச் சுட்டுவிடும். ஒரு முறை ஒரு பக்கம் வேகமாக இறங்கிப் பெட்டி சாய்ந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு வந்து, அப்பா மூன்று இஞ்சுப் பருத்திக் கயிற்றில் ஒரே நீளத்துக்கு வெட்டி, முனைகளுக்கு விப்பிங் போட்டு, கை வைக்கவேண்டிய இடத்தில் நூலால் அடையாளம் சுற்றிக் கோயிலுக்குக் கொடுத்தார். நனையாமல் வைக்க ஒரு பையும் தைத்தார். அவரை இறக்கியதும் அதே கயிற்றில்தான். தம்பிகளும் கடைப் பையன்களும் பிடித்தார்கள், பெட்டி ஆடாமல் மட்டமாக இறங்கியது. அடுத்த நாள் அந்தக் கயிறுகளை வாங்கிவந்து பார்த்தேன். ஒன்றில் விப்பிங் நூல் தளர்ந்திருந்தது, புதிதாகச் சுற்றிக் கொடுத்துவிட்டேன்.

கற்க விரும்புகிறவர்கள் ஏப்ரல் 15-க்குப் பிறகு வாருங்கள். தடைக்காலம் 61 நாள், விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும், கயிறும் வயரும் மலையாக வந்து விழும். தொடக்கத்தில் சொருகத் தர மாட்டேன். கழித்துப்போட்ட கயிறுகளைத் தருவேன். எங்கே தேய்ந்திருக்கிறது, எதில் உரசித் தேய்ந்தது என்று ஒவ்வொன்றுக்கும் சொல்ல வேண்டும். கத்தியை உங்களுடையதாகக் கொண்டுவாருங்கள். புரியைத் திறக்கும் ஸ்பைக் கடையில் இருக்கிறது, ஆனால் மேசையின் இடப்பக்கம் மாட்டியிருப்பதைத் தொடக்கூடாது, அது அப்பாவுடையது. கூலி முதல் நாளிலிருந்தே உண்டு. கற்றுக்கொள்கிறவனுக்கும் பசிக்கும் என்று அவர் வைத்த வழக்கம், அதை நான் மாற்றவில்லை.